மணிக்கட்டிலே மாளிகை!

தோழனே!

காஞ்சியிலே பட்டுச்சேலை வாங்கும் தாய்மார்களைக் கவனித்திருக்கிறாயா? பளபளப்பிலே மயங்கிவிட மாட்டார்கள். முந்தியைத் திருப்பிப் பார்ப்பார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால், கடைக்காரர் காமாட்சிமீது ஆணையிட்டாலும் எழுந்துவிடுவார்கள்!

அந்தத் தெளிவு, சென்ற மாதம் அதே ஊர்த் திருமண மண்டபத்திலே எங்கே போயிற்று? நம் வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், வெயிலுக்காக அல்ல! மணிக்கட்டிலே சுவிட்சர்லாந்து மின்னிற்று. முன்வரிசையே எழுந்தது. ஐம்பதாண்டு தறிக்குழியிலே கால்விட்டு நெய்தவர், நம் கூட்டத்துக்கு ஒருநாளும் தவறாத முதியவர், இடம்விட்டுச் சுவரோரம் நின்றார். அவர் கையிலே, ஓசூரில் செய்த பழைய டைட்டன்.

"அண்ணே, மணி என்ன?" என்றேன் பிரமுகரிடம்.

"ஒன்பது பத்து."

முதியவர் என் காதோரம் சொன்னார்: "ஒன்பது பதினாறு, தம்பி. காலையிலே வானொலியோடு ஒத்துப் பார்த்தேன்."

விந்தையல்ல, தோழனே! அந்த எளிய கடிகாரத்துள்ளே குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு 15 நொடி பிசகினாலே அதிகம். சுருள்வில்லால் ஓடும் சுவிஸ் கடிகாரத்துக்கோ, நாளொன்றுக்கு 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் இடங்கொடுத்தே அந்நாட்டுச் சோதனைக்கூடம் சான்றிதழ் வழங்குகிறது! 1969-இல் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொணர்ந்தது. சுவிஸ் பட்டறைகள் நடுங்கின. ஏறத்தாழ 90,000 பேர் உழைத்த தொழில், 1980களில் 30,000 பேரளவுக்குச் சுருங்கிற்று. நேரத்திலே தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? நேரத்தை விற்பதை விட்டு, அந்தஸ்தை விற்கத் தொடங்கினார்கள்!

கைவினை இல்லையென்று சொல்லவில்லை. மயிரிழைப் பற்சக்கரங்களைக் கோக்கும் அந்தக் கைகள், நம் நெசவாளர் கைகளுக்கு உறவுதான். அதை ரசிப்பவன் வாங்கட்டும். நம் பிரமுகர் மூடியைத் திறந்து பார்த்தவரா? விலைச்சீட்டைப் பார்த்தவர்!

2016-இல் கருநாடக முதல்வர் சித்தராமையாவின் உப்லோ கடிகாரம் பேச்சாயிற்று. அதை அரசுடைமையாக ஒப்படைத்தார். 2022-இல் பா.ஜ.க.வின் மாநிலத் தலைவராயிருந்த அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரம்! விலையென்ன, ரசீதெங்கே என்று மேடைதோறும் கேட்டோம். மணி சரியாகக் காட்டுகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை! போகட்டும். அன்று மாற்றார் மணிக்கட்டைச் சுட்டி நீண்ட விரல், நம்மவர் மணிக்கட்டைக் கண்டதும் மடங்குவானேன்? நாற்காலியை நகர்த்துவானேன்?

பந்தியிலே முதியவரைத் தேடினேன். அறுத்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைக்க நேரமாயிற்றென்று உண்ணாமலே புறப்பட்டுவிட்டாராம்.

வரும் ஞாயிறு கிளைக் கூட்டம், மாலை 5 மணி. தலைமை அம்முதியவரே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரமுகருக்கும் அழைப்பு உண்டு. எத்தனை மணிக்கு வருகிறார், பார்ப்போம்!