டெர்பி பந்தயம்: திறமை யாருடையது?



மரக்காணத்தில் உப்பளம் தெரியும், பந்தயக் குதிரை ஏது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஓடியிருக்கிறது! உப்பளத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா, சீசன் வந்தால் கூலியை வாங்கிய கையோடு ஈ.சி.ஆரில் பஸ் ஏறி கிண்டிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது பஸ் காசு மிஞ்சினால் பெரிய விஷயம். "டெர்பி அன்னிக்குப் பாரு" என்பார். அந்த டெர்பி என்னதான் என்று தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில் 1780இல் ஆரம்பித்தது. டெர்பி பிரபுவும் சார்லஸ் பன்பரியும் காசு சுண்டிப் பார்த்துப் பந்தயத்துக்குப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பெயர் டெர்பிக்குப் போனது. முதல் பந்தயத்தில் ஜெயித்ததோ பன்பரியின் குதிரை டயமெட்! மூன்று வயதுக் குதிரை மட்டுமே ஓடலாம். அதாவது ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டெர்பி. இந்தியன் டெர்பி 1943இல் மும்பை மகாலட்சுமியில் தொடங்கியது. இங்கே நான்கு வயது, தூரம் 2400 மீட்டர். முதலில் ஜெயித்த குதிரை பிரின்சஸ் பியூட்டிஃபுல். நம் கிண்டிக்கு என்று தென்னிந்திய டெர்பி வந்தது.

1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது.

சரி, திறமைதான். யாருடைய திறமை? குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர், வம்சாவளியைக் கரைத்துக் குடித்தவர்... சித்தப்பா எந்தக் கணக்கில் வருவார்?

பி.காம் மாணவனாக ஒரு சின்னக் கணக்கு. டோட் முறையில் கட்டிய பணம் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். வரியும் கிளப்பின் பங்கும் போக மீதிதான் ஜெயித்தவர்களுக்கு. 1000 ரூபாயில் 200 கழிந்தால் (உதாரணம்தான்) திரும்புவது 800. கட்டியவர்கள் மொத்தமாகப் பார்த்தால் எப்போதும் நஷ்டம்தான். திறமைசாலி ஜெயித்தால், அது திறமை இல்லாதவன் பாக்கெட்டிலிருந்து வந்த பணம்.

2024 செப்டம்பரில் 730 கோடி ரூபாய் வாடகை பாக்கி என்று அரசு கிண்டி குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. வழக்கும் நடந்தது. நிலத்துக்குக் கணக்கு பார்த்தார்கள். கேலரியில் தொலைந்த கூலிக்கு யார் பார்ப்பது?

பந்தயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 100 ரூபாய் கட்டினால் எவ்வளவு கழியும் என்று டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில், தமிழில் போடுங்கள். அவ்வளவுதான்.

குதிரைக்கு டெர்பி ஒரே ஒரு முறை. சித்தப்பாவுக்கோ ஒவ்வொரு வாரமும் டெர்பி.