நிப்பு செய்த ஊருக்கு எழுத்துப் படிப்பு வேண்டாமா?

"எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது, அது பிறவியிலேயே வரணும்." படைப்பெழுத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க ஆசைப்படுகிறேன் என்று நம் பிள்ளை ஒருத்தி வாய் திறந்தால் உடனே வரும் பதில் இது. தோழர்களே, 'பிறவியிலேயே' என்ற சொல்லை நாம் முதல்முறையா கேட்கிறோம்? யாருக்கு எந்தத் தொழில் என்று பிறப்பை வைத்துப் பிரித்தவர்கள் சொன்ன அதே சொல்தான்.

ஓவியம் படிக்கச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. சினிமா படிக்கத் தரமணி இருக்கிறது. இசைக்கும் கல்லூரி உண்டு. எழுத்து மட்டும் பிறவி வரமாம். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகமும் பத்திரிகை ஆபீஸில் மாமாவும் இருப்பவருக்கு அந்த வரம் தானாக வரும். காலையில் ஆலை வேனுக்கு ஓடுகிற தாயின் மகளுக்கு எங்கிருந்து வரும்?

படிப்பே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936 முதல் எழுத்துப் பட்டறை நடக்கிறது. இங்கே சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் இளங்கலையிலேயே படைப்பெழுத்து சொல்லித்தருகிறது. ஆங்கிலத்தில், ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணத்தில். கட்டணச் சலுகை உண்டு என்பார்கள். மொழிக்குச் சலுகை உண்டா? நமக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பே இரண்டரை லட்சம்தான்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். நாடு எழுதிய நிப்பை நம் ஊர்க் கைகள் அடித்துக் கொடுத்தன. எழுதும் உரிமை யாரிடம் இருந்தது?

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செய்தியில் வந்தது எண்ணிக்கையும் நிவாரணத் தொகையும். சரம் பின்னிய விரலுக்கும் மருந்து கலந்த கைக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. அதை உள்ளிருந்து எழுத நம்மில் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைத்திருக்கிறது?

எழுதினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். இதே மாவட்டத்தின் வத்திராயிருப்புப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992-இல் 'கருக்கு' எழுதினார். சொந்த ஊருக்குள்ளேயே சில மாதங்கள் போக முடியவில்லை. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. பாடமாக இருப்பதற்கே நாம் அவர்கள் தயவில் நிற்க வேண்டியிருக்கிறது. பாடம் நடத்தும் இடத்தில் நாம் இருந்தால்தான் இது மாறும்.

"பட்டம் இல்லாதவர் எப்படிப் பாடம் நடத்துவது?" என்பார்கள். பள்ளிப்படிப்பையே முடிக்காத கி.ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்ததே! அது சரியான முடிவு. ஒருவருக்காகத் திறந்த கதவு ஏன் விதியாகவில்லை என்பதே நம் கேள்வி.

எனவே நாம் கேட்பது இது. பி.ஏ. தமிழில் ஒரு தாளாக வந்துபோகிற படைப்பிலக்கியம், விருதுநகர் மாவட்ட அரசுக் கல்லூரிகளில் தமிழ்வழி இளங்கலைப் பட்டமாக வேண்டும். இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் முழுமையாகப் பொருந்த வேண்டும். தலித் எழுத்தாளர்கள் பட்டம் பார்க்காமல் ஆசிரியர்களாக வர வேண்டும்.

"படித்தால் வேலை கிடைக்குமா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. பாடநூல், பத்திரிகை, மொழிபெயர்ப்பு, திரைக்கதை எல்லாமே எழுத்து வேலைதான். இத்தனை நாளும் அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். விடுதி அறையிலும் அம்பேத்கர் படிப்பு வட்டத்திலும் வாரம் ஒருநாள் எழுதியதை வாசித்துத் திருத்துவோம். நிப்பு செய்தது நாம். இனி எழுதுவதும் நாமாக இருப்போம்.

ஜெய்பீம்.