சத்தம் இருக்கு, படம் இல்ல

"நானா, சத்தம் வருது, படம்தான் இல்ல." மின்சாரப் பொருள் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பல வருடங்களாக இதற்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "பனல் போயிருக்கும், புதுசு ஒன்ட எடுங்க." அநேகமான சந்தர்ப்பங்களில் அது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவுமில்லை. புதுப்பெட்டி விற்றால்தானே இலாபம்.

ஒரு நாள் திருத்தும் தம்பி ஒருவர் என் கடையிலேயே விளக்கை அணைத்துவிட்டு, திரைக்குக் கிட்டே டோர்ச்சைச் சரித்துப் பிடித்தார். மங்கலாக உருவங்கள் அசைந்தன. படம் இருக்கிறது, பின்னாலுள்ள வெளிச்சம்தான் செத்துவிட்டது.

எல்.ஈ.டி. டீ.வி. என்று நாம் விற்பதில் பெரும்பாலானவை எல்.சீ.டி. பனல்கள்தாம். அதற்கு வெளிச்சம் கொடுக்கும் சின்னஞ்சிறு விளக்குகளே எல்.ஈ.டி. அவை நீளமான பட்டிகளில், கல்யாண வீட்டு விளக்குச் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று எரிந்து அறுந்தால் அந்தச் சரம் முழுவதும் இருளும்.

திருத்துவதில் இரண்டு வழி உண்டு. முறையான வழி, பட்டிகள் எல்லாவற்றையும் மாற்றுவது. பட்டியில் அச்சிட்ட இலக்கம், விளக்குகளின் எண்ணிக்கை, நீளம், 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். மற்றது, செத்த விளக்கைக் கம்பியால் இணைத்து விட்டுவிடுவது. படம் வரும், அந்த இடம் மங்கலாகத் தெரியும். அதே வயதுடைய மற்ற விளக்குகளும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். அவசரத்துக்கு இதைச் செய்வது குற்றமில்லை. இதைச் செய்துவிட்டு முழுப் பட்டிக்கும் காசு வாங்குவதுதான் குற்றம். என் வீட்டுப் பெட்டிக்கே அப்படி நடந்தது. மூன்று மாதத்தில் திரும்ப இருண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய பட்டிகளே கிடந்தன.

ஆகவே, திருத்த வேலை எடுக்கும் கடைக்காரர்கள் கழற்றிய பட்டிகளை வாடிக்கையாளர் கையிலே கொடுங்கள். என்ன செய்தோம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். பனலைத் தூக்கும்போது அது வெடிக்கவும் கூடும், ஓரத்திலுள்ள மெல்லிய இணைப்புகள் கழன்றுவிடவும் கூடும். அதைப் பெட்டியைத் திறப்பதற்கு முன் சொல்ல வேண்டும். உடைந்த பிறகு சொன்னால் யார் நம்புவார்?

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டியபோது புதுப்பெட்டி வாங்க வழியின்றி எத்தனையோ வீடுகள் இருந்தன. அந்த நாட்களில்கூட நான் "புதுசு எடுங்க" என்றே சொன்னேன். தாத்தா ஒருவர் என் பேச்சை நம்பிப் பழைய பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டு, தவணைக்குப் புதியது எடுத்தார். ஒரு தவணைகூடப் பிந்தாமல் கட்டினார். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

இப்போது புதுப்பெட்டி விற்கும்போது பின்வெளிச்சத்தை நானே குறைத்து வைத்துக் கொடுக்கிறேன். அநேகமான பெட்டிகள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அந்தச் சூட்டில்தான் விளக்குகள் சீக்கிரம் சாகின்றன. கடையில் உதவிக்கு நிற்கும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "வாப்பா, அப்ப அடுத்த பெட்டிய எப்ப விக்கிற?" என்கிறான்.