வருகைப் பதிவு மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

“உள்ளேன் ஐயா!”

கல்லூரி மாணவர் நாவில் நாள்தோறும் ஐந்து முறையாவது ஒலிக்கும் சொற்கள் இவை. வருகை 75 விழுக்காட்டிற்குக் குறைந்தால் தேர்வு எழுதுவது சிக்கலாகிவிடும் என்ற அச்சம் நம்மை வகுப்பறையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. உடல் வகுப்பில் இருக்க உள்ளம் பேருந்து நிலையத்தில் நிற்பதும் உண்டு. இந்தத் தொல்லை மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். நல்ல சம்பளம் வாங்கும் கணினி நிறுவன ஊழியர்களும் இன்று இதே வருகைப் பதிவோடு போராடுகிறார்கள் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, வீடுகளே அலுவலகங்கள் ஆயின. இனி உலகம் இப்படித்தான் என்று பலரும் பேசினர். 2025-ஆம் ஆண்டுக்குள் எந்த நேரத்திலும் கால் பங்கு ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். நிறுவனம் 2020-இல் திட்டமிட்டது. அதே நிறுவனம் 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024-இல் வருகையை மாறும் ஊதியத்தோடு இணைத்தது. அமேசான் நிறுவனமும் 2025 ஜனவரி முதல் தன் அலுவலக ஊழியர்களை ஐந்து நாளும் அழைத்தது. வேறு பல நிறுவனங்கள் சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்னும் கலப்பு முறையில் நின்று, அலுவலக நாட்களைக் கூட்டுவது எப்படி என்று யோசிக்கின்றன.

இதில் கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பி.எஸ்ஸி. முடித்த நம் அண்ணன்மாரும் அக்காமாரும் இந்த நிறுவனங்களில்தானே வேலைக்குச் சேர்கிறார்கள்? நாளை நாமும் அந்த வாசலில் நிற்கப்போகிறவர்கள் அன்றோ?

இருபக்க நியாயம்

வீட்டிலிருந்து வேலை செய்வோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்குப் பயணம் செய்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்குப் பயணத்தில் மிச்சமாகும் இரண்டு மணி நேரம் பெருஞ்செல்வம்.

சீனாவில் ஒரே நிறுவனத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இங்கே நினைக்கத்தக்கவை. பயணச் சீட்டு விற்கும் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு 2021-22-இல் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்; வேலைத் திறனோ குறையவில்லை. பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் 2024-இல் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

அதே நிறுவனம் சி-டிரிப் என்ற பெயரில் இருந்தபோது, தொலைபேசிப் பிரிவினரிடையே அதற்கும் பத்தாண்டு முன்னரே ஓர் ஆய்வு நடத்தியது. வாரம் நான்கு நாள் வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அந்த உழைப்புக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனிமை தாங்காமல் பலர் அலுவலகத்துக்கே திரும்பினர். இந்த ஆய்வில் சேர ஒரு தகுதி வைத்திருந்தார்கள்: ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும்; வீட்டில் தனி அறை இருக்க வேண்டும்.

இந்த வரியைப் படித்ததும் நான் நின்றுவிட்டேன். வேலைக்குப் புதியவரும் வேண்டாம். தனி அறை இல்லாதவரும் வேண்டாம். அப்படியானால் நான் அந்தக் கணக்கிலேயே இல்லை!

தனி அறை இல்லாதவர்கள்

எங்கள் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. 2020-21 கல்வியாண்டில் பள்ளி மூடிக் கிடந்தபோது, அப்பா வேலை முடிந்து மாலையில் கைப்பேசியோடு வந்தால்தான் எனக்குப் பாடம். பாடத்தைத் திறந்தவுடன் “தண்ணி வந்திருச்சு, குடத்தை எடும்மா” என்ற குரல் வரும். அம்மாவைக் குறை சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெண் வீட்டு வேலைக்கு உரியவள் என்பதே அவர் அறிந்த உலகம். நான் கல்லூரிக்குப் பேருந்து ஏறிய பிறகுதான் படிப்பும் ஒரு வேலை என்று எங்கள் வீடு ஒப்புக்கொண்டது.

முதலாண்டில் ஆய்வகத்தில் தரம் பார்த்தல் சோதனை. கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். புத்தகத்தில் படித்தேன், காணொளியிலும் பார்த்தேன்; ஆனாலும் மூன்று முறை அடர் சிவப்பாக்கிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த மூன்றாமாண்டு அக்கா வந்து என் கையைப் பிடித்து, “குழாயை இடக்கையால பிடி, குடுவையை வலக்கையால சுத்தும்மா” என்றார். நான்காம் முறை சரியாக வந்தது. நான் அவரை உதவிக்கு அழைக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தார், பார்த்தார், வந்தார். எனக்கு என்ன தெரியாது என்பதே எனக்குத் தெரியாதபோது நான் யாரிடம் என்ன கேட்டிருக்க முடியும்?

அலுவலகமும் அத்தகைய ஆய்வகமே. மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, தவறு நேர்ந்தால் யாரிடம் முதலில் சொல்வது என்பவற்றைப் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமே கேட்டுக்கொள்வார்கள். வீட்டின் முதல் பட்டதாரிக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித்தர அலுவலகத்தைத் தவிர வேறு இடம் ஏது?

தூரம் என்னும் சுவர்

அப்படியானால் எல்லாரையும் ஐந்து நாளும் வரச் சொல்லிவிடலாமா? அதுவும் தீர்வாகாது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் 2021-இல் கணினி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இரண்டாண்டுகள் வீட்டுத் திண்ணையில்தான் வேலை. பின்னர் சென்னைக்கு வரச் சொன்னார்கள். மகளிர் விடுதிக்கு வாடகை கொடுத்து, தினம் இரண்டு பேருந்து மாறிப் போகிறார். பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன். “என் குழுவுல எல்லாரும் புனேயில இருக்காங்க. காதுல கருவியை மாட்டிக்கிட்டு அவங்ககிட்டதான் நாள் முழுக்கப் பேசுறேன். அதைத் திண்ணையிலயே பேசலாமே, தங்கச்சி?” என்றார்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1977-இலேயே இதை எழுதிவைத்தார். பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது. ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டினால் பேச்சே அருகிவிடுகிறது. ஒரே கட்டடத்தில் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அக்காவின் குழுவோ வேறு மாநிலத்தில் இருக்கிறது!

தண்டனை வைத்து ஆளை வரவழைத்தால் ஆள் வருவார்; மனம் வராது. அட்டையைத் தேய்த்து, ஒரு காபி குடித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. ஒருவரே மூன்று குரலில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் கலையை அறிந்த நமக்கு இது புதிதா என்ன?

செய்ய வேண்டியவை

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். முதலாவதாக, ஒரு குழுவினர் அனைவரும் ஒரே நாட்களில் வரவேண்டும். ஆளுக்கொரு நாள் வருவதால் நாற்காலிகள்தாம் நிறையும். இரண்டாவதாக, மூத்தவர்கள் முதலில் வரட்டும். புதியவர் பக்கத்தில் ஒரு மூத்தவரை அமர்த்தி, சொல்லித்தருவதையும் அவருடைய பணியாகக் கணக்கில் கொள்ளட்டும். மூன்றாவதாக, தனித்துச் செய்யும் வேலைக்கு வீடு, கூடிச் செய்யும் வேலைக்கும் கற்பதற்கும் அலுவலகம் என்று பிரித்துக்கொள்ளட்டும். நான்காவதாக, வரச் சொல்கிறவர்கள் வருவதற்கு வழியும் செய்யட்டும். 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. காப்பகம் ஏட்டளவில் நின்றால் தாய்மார் எப்படி வருவார்கள்?

வீட்டிலேயே இருக்க விரும்பும் மூத்த ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வேலை கற்றுத்தர அன்று ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். இன்று அந்த நாற்காலியில் நீங்கள் இல்லாவிட்டால், அடுத்து வரும் எங்களுக்கு யார் கற்றுத்தருவார்?

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். அடித்துக் கறக்கச் சொன்னவர் எவருமில்லை. வருகைப் பதிவேடு ஆளை எண்ணும், அறிவை எண்ணாது. வந்தால் ஏதேனும் கற்கலாம், யாருக்கேனும் கற்றுத்தரலாம் என்ற நம்பிக்கையை அலுவலகங்கள் தரட்டும். அப்போது அச்சத்தால் அல்லாமல் ஆர்வத்தால் எல்லாரும் சொல்வார்கள், “உள்ளேன் ஐயா!” என்று.