சாக்குக்கு முகம் வேண்டாம்

கித்துல்கலக்கு வருகிறவர்கள் களனி கங்கையில் படகு விடத்தான் வருகிறார்கள். ஆற்றுக்கு மேலே, தோட்டத்துப் பையன்களுக்கோ குத்துச்சண்டைப் பித்துப் பிடித்திருக்கிறது. 'சார்பட்டா பரம்பரை' படம் செய்த வேலை. லயத்துக்குப் பின்னால் பலாமரத்தில் ஒரு சாக்கு தொங்குகிறது. உள்ளே மரத்தூளும் பழந்துணியும். அந்திக்கு அந்தி அடி விழுகிறது.

"எதுக்குத் தம்பி இவ்வளவு வேகம்?" என்றேன்.

"பெரிய தொர மூஞ்ச நெனச்சுக்கிட்டுதாண்ணே குத்துறேன். கோவமெல்லாம் எறங்கிரும்."

இறங்காது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. மாணவர்களின் கட்டுரைகளை மட்டமாக விமர்சித்து அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர், விமர்சித்தவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடம்பைத் தேற்றுவதை நினைத்துக் குத்தினார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம் மிஞ்சியது. பதிலடி கொடுப்பதில் மிகக் குறைவாக இருந்தவர்கள், சும்மா இருந்தவர்களே.

அப்படியென்றால் சாக்கை அவிழ்த்துவிடலாமா? வேண்டாம். கோபத்தைக் கொட்டுவது வேறு, பயிற்சி வேறு. ஒரு சுற்று மூன்று நிமிடம். இடது கால் எங்கே, நாடி தாழ்ந்திருக்கிறதா, குத்தும்போது மூச்சு வெளியே போகிறதா என்று பார்ப்பதற்கே அந்த மூன்று நிமிடம் போதாது. கடைக் கடனும் சம்பளப் பிடித்தமும் அதற்குள் நுழைய இடமில்லை. அடுத்து ஒரு நிமிட ஓய்வு. படபடக்கும் நெஞ்சைத் தானே அடக்கப் பழகுவது அங்கேதான். நாளைக்குப் பிரட்டுக்களத்தில் யாராவது ஏசினாலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும். 'சார்பட்டா' படத்தில் சாராயத்தில் விழுந்த நாயகன் கபிலனை எழுப்பியதும் முஷ்டியின் பலமில்லை. விடாப்பிடியான பயிற்சியும், அதட்டி வேலை வாங்க ஒரு வாத்தியாரும்தான்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லவேண்டும். மனதுக்கு நல்லது செய்வது சாக்கும் தாண்டிக் குதிக்கும் கயிறும். தலையில் வாங்கும் அடி அல்ல. குத்துச்சண்டைக்காரர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். முகமது அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது 1984இல் தெரியவந்தது. அதற்கு வாங்கிய குத்துகள் எவ்வளவு காரணம் என்பதில் இன்னும் வாதம் உண்டு. ஆனால் 2006 முதல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் அதே நோயுள்ளவர்கள் கையுறை மாட்டிப் பையைக் குத்திப் பயிற்சி எடுக்கிறார்கள். அவர்களை யாரும் திருப்பிக் குத்துவதில்லை. அந்த வேறுபாடு நம் பையன்களுக்கும் தெரியவேண்டும்.

எல்லாவற்றையும் பயிற்சி தீர்த்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கும், உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறவருக்கும் சாக்கைக் காட்டக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும். மனநலத்துக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

பலாமரத்தடியில் பெண்பிள்ளை ஒருத்தியைக்கூட நான் பார்க்கவில்லை. நம் நாட்டின் அனுஷா கொடித்துவக்கு 2018 பொதுநலவாய விளையாட்டில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றவர். அதனால் இது பெண்களுக்கு ஆகாது என்ற பேச்சு எடுபடாது. கொழுந்து பறிக்கிற தோளுக்கு உடற்பயிற்சி என்ன குறை என்று கேட்பார்கள். தோளுக்குக் குறையில்லைதான். மலையிலிருந்து இறங்கினால் அடுப்பு, அடுப்பை விட்டால் பிள்ளை; தனக்கென்று ஒரு நிமிடம் இல்லாததுதான் குறை. அந்தியில் ஒரு மணி நேரம் வீட்டு ஆம்பிளைகள் சோறு ஆக்கினால், சாக்கைப் பெண்களும் குத்தலாம்.