கணனி ஆங்கிலம்: பட்டியல் போதாது

உயர்தரம் முடித்து அலுவலக வேலைக்குச் செல்லும் நமது கிராமத்து இளைஞர், யுவதிகள் கணனியைக் கண்டு அஞ்சுவதில்லை. அதன் திரையில் வரும் ஆங்கிலத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள். இதற்கு மருந்தாக நாம் கொடுப்பது என்ன? மனனம் செய்ய ஒரு சொற்பட்டியல். அதை ஒப்புவிப்பவர் பரீட்சையில் தேறலாம், அலுவலகத்தில் தடுமாறுவார்.

'சேவ்' என்றால் சேமித்தல் என்று பட்டியல் சொல்லும். 'சேவ்' செய்தால் பழைய பிரதியின் மேலேயே புதியது பதியும், 'சேவ் ஆஸ்' மூலம் வேறு பெயரிட்டால் பழையது அப்படியே இருக்கும் என்பதை அது சொல்லாது. 'ரிப்ளை' அனுப்பியவருக்கு மட்டும். 'ரிப்ளை ஓல்' எல்லோருக்கும். ஊழியரின் சம்பள விபரம் யார் கண்ணில் படும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

இவற்றுட் பல அலுவலகத்தின் பழைய சொற்களே. 1981 இல் செரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டார்' கணனி, கோவை, லாச்சி, தபால் தட்டு ஆகியவற்றையே சிறு படங்களாகத் திரையில் காட்டியது. கூட்டுறவுச் சங்கத்தில் பதிவேடும் கோவையும் பேணிப் பழகியவருக்கு வேலை தெரியும், பெயர்தான் புதிது.

ஆகவே பயிற்சி நிலையங்கள் வேலையோடு சொல்லைப் பழக்க வேண்டும். ஒரு கடிதத்தைத் தட்டெழுதி, பெயரிட்டு, உரிய இடத்தில் வைத்து, பிரதியெடுத்து, அனுப்பட்டும். திரையில் ஆங்கிலம் இருக்கட்டும்; விளக்கம் தமிழில் நடக்கட்டும். விளங்காததைக் கூச்சமின்றிக் கேட்கும் துணிவையும் அங்கேயே ஊட்டி அனுப்புவோம்.