மெருகிட்ட தொட்டியும் அடுக்களைப் பசுமையும்

மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரோடு பீங்கானாலும் பெயர் பெற்ற ஊராம். பொம்மைகளும் அகல்களும் மின்சார பியூஸ் கட்டைகளும் அவ்வூர்ச் சூளைகளினின்று வெளிப்போதருகின்றன. பளபளக்கும் தொட்டியொன்று வாங்கி, அதிற் புதினாவோ துளசியோ நட்டு, அடுக்களைச் சாளரத்தில் வைத்தல் இக்காலத்துப் பலர்க்கும் விருப்பமாயிற்று. செடியோ சின்னாளில் மஞ்சளித்துச் சாய்கின்றது. இல்லத்தார் தமக்குக் கைராசியில்லை என்று நொந்துகொள்கின்றனர். குற்றம் பெரும்பாலும் கையினதன்று, கலத்தினதே என்பது எம் கருத்து.

சாதாரண மண்சட்டி ஏறக்குறைய 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடப்படுவது. அதன் நுண்துளைகள் அடைபடுவதில்லை. கோடையிற் பானைநீர் குளிர்வதும் அத்துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாதலினாலன்றோ? பீங்கானோ 1200 பாகையையும் கடந்து சுடப்படும். மேற்பூசிய மெருகு உருகிக் கண்ணாடியாய்ப் படியும். நீர் கசியாமை தேநீர்க் கிண்ணத்திற்குச் சிறப்பு. செடிக்கோ அதுவே இடர். வேருக்கும் மூச்சு உண்டு. நீர் தேங்கிய மண்ணிற் காற்றுப் புகாமையால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலை வாடும். அதனைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் வார்ப்போர் பலர்! ஓரங்குல ஆழம் விரலைச் செலுத்தி, மண் உலர்ந்திருந்தாலன்றி நீர் வார்த்தல் கூடாது.

துளையில்லாத் தொட்டியின் அடியிற் கூழாங்கற்களைப் பரப்பினாற் போதுமென்பாரும் உளர். போதாது. போக்கிடமில்லா நீர் அக்கற்களிடையே தேங்கி நிற்குமேயன்றி வேறென் செய்யும்? துளையுள்ள மண்சட்டியிற் செடியை வளர்த்து, அச்சட்டியைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்து, அடியிற் சேரும் நீரை அவ்வப்போது கவிழ்த்துவிடுதல் நன்று. அழகும் கெடாது, செடியும் கெடாது.

நிற்க, எல்லாச் செடியும் அடுக்களைக்கு இசையா. கறிவேப்பிலை வெயிலை விரும்பும் மரவினம். அதனை வீட்டினுள் அடைத்தல் வீண் முயற்சி. புதினா அரைநிழலையும் பொறுக்கும். காம்பை ஊன்றினாலே வேர்விடும். கற்பூரவள்ளி தன் தடித்த இலையிலேயே நீரைச் சேமிப்பதாகலின், அதற்குச் சிறிது நீரே அமையும். துளசிக்குச் சில நாழிகையேனும் நேர்வெயில் வேண்டும். கதிர்களைக் கிள்ளிவிடின் இலை பெருகும். கொத்தமல்லி விதையை இரண்டாகத் தேய்த்து உடைத்து விதைக்க. வெப்பம் மிகின் அது விரைவிற் பூத்துவிடுமாதலால், சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக விதைத்தல் வேண்டும்.

தொட்டி வனைவார்க்கும் ஒரு விண்ணப்பம். ஈரக் களிமண்ணில் விரல் நுழையுமளவு துளையிடுதல் நொடிப்பொழுதுப் பணி. சுட்டு மெருகேற்றியபின் துளையிடப் புகின் கலம் விரிசலுறவும் கூடும். வாங்குவோர் கேளாவிடில் வனைவோர் துளையிடுவரோ? கார்த்திகைக்கு அகல் வாங்கச் செல்வோர், அருகிலிருக்கும் தொட்டியையும் ஒருமுறை கவிழ்த்து அடியைப் பார்க்க; துளையில்லையேல், துளையுள்ளதைக் கேட்டு வாங்குக.